கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட லிப்ராதா

லிப்ராதா எங்கள் வீட்டுக்கு யாயாவாக, அதாவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக, வந்தபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீடு என்கிறேனே தவிர, அது ஷெரிஸ் மேடத்தின் வீடு. நான் அங்கே சமையல்காரி. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில், ஹாரோ மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. மேடத்தின் கணவர் தின்டோ கப்பலில் எஞ்சினியர். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அவர்களுக்கு ஒரே பிள்ளை, தேயோ.

அதற்கு முன் லிப்ராதா நான்கு வீடுகளில் பதினோரு பிள்ளைகளை வளர்த்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆன்டிகே மலையடிவாரத்தில் தம்பி குடும்பம் மட்டும் உண்டு. பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவாள், செருப்பு மாட்டிவிடுவாள், மூக்கைக்கூடச் சிந்திவிடுவாள். "என் கையில வளந்த ஒரு பிள்ளைக்கும் முட்டியில தழும்பு கெடையாது" என்பது அவள் பெருமை. அது பொய்யும் இல்லை.

தேயோவுக்கு இரண்டு வயது முடிந்ததும் மேடம் கம்ப்யூட்டரில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். வீட்டிலேயே மாண்டிசோரி முறையில் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது பற்றிய வகுப்பு. ஒரே வாரத்தில் கூடம் மாறிப்போனது. தொட்டில் போய்த் தரையில் மெத்தை வந்தது. சுவரோரம் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி. அதில் வரிசையாகத் தட்டுகள். ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பழகச் சின்னக் கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் பிழிவதற்கு ஸ்பாஞ்சு, ஒன்றில் பிரிப்பதற்காகக் கலந்து வைத்த பாசிப்பயறும் மக்காச்சோளமும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளும் உண்டு, விரலால் தடவிப் பார்க்க. இதையெல்லாம் விளையாட்டு என்று சொல்லக் கூடாது, வேலை என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் மேடம்.

லிப்ராதா சமையலறைக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு வயசுப் பயலுக்கு வேலையாம்! மாசக் கடைசியில அவனுக்கும் ஒரு சம்பளக் கவர் குடுக்கச் சொல்லணும், இன்டாய்." தன்னைவிடச் சின்னவள் என்பதால் என்னை அவள் இன்டாய் என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை மானாங் என்பேன், அக்கா என்று அர்த்தம்.

மேடத்தின் காதில் அது விழுந்துவிட்டது.

"சிரிங்க யாயா, பரவால்ல. ஆனா ஒண்ணு. அவன் வேலை செய்யறப்ப நீங்க தொடக் கூடாது. கூப்பிட்டா மட்டும் போனாப் போதும். அவன் ஒரே கவனமா இருக்கறப்ப பேச்சுக்கூடக் குடுக்காதீங்க. கை சும்மா இருக்காதுன்னா பின்னால கட்டிக்கோங்க."

"கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா மேடம் என்னை வெச்சிருக்கீங்க?"

"ஆமா. அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை. முடியுமான்னு பாருங்க."

முடியவில்லை. முதல் மாதம் முழுக்கத் திருட்டுத்தனம்தான். மேடம் அந்தப் பக்கம் போனதும் பொத்தானை மாட்டிவிடுவாள், சிந்திய பயறைப் பொறுக்கிவிடுவாள். தேயோவே காட்டிக்கொடுத்துவிடுவான்.

பிறகு ஒருநாள் காலை, நான் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் தேயோ தண்ணீர்த் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறான். குவளையைச் சாய்க்கிறான், பாதி சிந்துகிறது. எழுந்து போய்த் துணி எடுத்து வந்து துடைக்கிறான். மறுபடி சாய்க்கிறான். நாலடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சர்ச்சில் உட்கார்ந்திருப்பது போல லிப்ராதா. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே. கடைசியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிவிட்டு, குவளையைத் தூக்கி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள். எழுந்து நேரே என்னிடம் வந்தாள், கண்கள் கலங்கியிருந்தன.

"முப்பத்தோரு வருஷமா நான் பிள்ளைங்ககிட்ட திருடிக்கிட்டு இருந்திருக்கேன் இன்டாய். அவங்க செய்ய வேண்டியதையெல்லாம் நானே செஞ்சு முடிச்சிருக்கேன்."

அன்றிலிருந்து அவள் மேடத்தையே மிஞ்சிவிட்டாள். என் முருங்கைக்கீரையைப் பிடுங்கிக்கொண்டு போய் அவனை உருவவைத்தாள். அவித்த முட்டையை உரிக்கவைத்தாள். ஊருக்குப் போய் வந்தபோது, பல்லாங்குழி போன்ற சுங்கா பலகையில் ஆடும் சோழிகளில் ஒரு பை கொண்டுவந்தாள். இரண்டு கிண்ணம், ஒரு மர இடுக்கி. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குச் சோழிகளை இடுக்கியால் மாற்ற வேண்டும். அவளே யோசித்தது. மேடம் யோசனையுடன் ஒரு சோழியை எடுத்துப் பார்த்தார். வாயில் போடும் பிள்ளைக்குச் சின்னப் பொருள் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். ஆனால் தேயோ மூன்று மாதமாக எதையும் வாயில் வைத்ததில்லை. "யாயா பக்கத்துலயேதான இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, சோழியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். பிறகு அந்தத் தட்டைப் படமெடுத்து வகுப்புக்கு அனுப்பினார். எல்லோரும் பாராட்டினார்களாம்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. தேயோவுக்கு இரண்டு வயது எட்டு மாதம். மேடம் உள்ளறையில் வகுப்பில் இருந்தார். நான் சமையலறையில் கோழி வேகவைத்துக்கொண்டிருந்தேன். மூடி கை நழுவி, தரையில் விழுந்து பெரிய சத்தம் போட்டது. எடுத்துக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டானா, வாயில் போட்டிருந்த சோழியை உள்ளே இழுத்தது அப்போதுதானா, இல்லை அதற்கு முன்பேயா, பின்பா, எனக்குத் தெரியாது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூடத்தில் சோழித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவனின் முதுகு மட்டும்தான், பின்னால் உட்கார்ந்திருந்த லிப்ராதாவுக்குத் தெரிந்தது. அவன் அசையாமல் இருந்தான். இருமவில்லை, அழவில்லை. அடைத்துக்கொண்டால் பிள்ளை சத்தம் போடாது என்பது அவளுக்குத் தெரியாது. ஒரே கவனமாக இருக்கிறான் என்று நினைத்தாள். அப்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். கிண்ணம் கவிழ்ந்து சோழிகள் தரையில் உருண்டபோதுதான் எழுந்து அவனைத் திருப்பினாள். உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

முதுகில் அடித்தாள். தலைகீழாகப் பிடித்தாள். வாயில் விரலைவிட்டுத் துழாவினாள். மேடம் ஓடிவந்து அவனைப் பறித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டுக்காரர் வண்டி எடுத்தார். ஆஸ்பத்திரியில் சோழியை எடுத்துவிட்டார்கள். நின்றிருந்த இதயத்தைத் திரும்ப ஓடவைத்தார்கள். ஆனால் அதற்குள் மூளைக்குக் காற்றுப் போகாமல் வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது.

நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தவன் வேறு பிள்ளை. கழுத்து நிற்கவில்லை. பேச்சு இல்லை. மூக்கில் குழாய். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது.

தின்டோ கப்பலை விட்டு வந்திருந்தார். அவர் லிப்ராதாமேல் வட்டார அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணைக்கு நானும் போனேன். வட்டாரத் தலைவர் வயதானவர், நிதானமானவர். முதலில் தின்டோவைப் பேசச் சொன்னார்.

"பிள்ளையப் பாத்துக்கன்னு வெச்ச ஆளு. நாலடி தூரத்துல உக்காந்து கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கா. என் மவன் மூச்சு முட்டறத வேடிக்கை பாத்திருக்கா."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று தலைவர் லிப்ராதாவிடம் கேட்டார்.

"அவர் சொல்றது நெசம்தான் ஐயா. நான் உக்காந்துதான் இருந்தேன்."

"ஏன் உக்காந்திருந்தீங்க?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரணத்தை அவள் வாயால் ஒருபோதும் சொல்லமாட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மேடம் எழுந்தார். நாற்பது நாளில் பாதியாகிப்போன உடம்பு.

"நான்தான் கையக் கட்டச் சொன்னேன். பேசாதீங்கன்னு சொன்னதும் நான்தான். சோழியப் பாத்துட்டு சரின்னு சொன்னதும் நான்தான். புகார்ல அவங்க பேரை எழுதினா என் பேரையும் எழுதுங்க. என் பேரை முதல்ல எழுதுங்க."

தின்டோ மனைவியை ஒருமுறை பார்த்தார். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் கப்பலுக்குப் போனவர், அதன் பிறகு விடுமுறைக்கு மணிலாவில் அண்ணன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். பணம் அனுப்புவார். ஆனால் மேடத்தோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

லிப்ராதா ஊருக்குப் போய்விட்டாள். ஐந்து மாதம் கழித்து மேடம் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆன்டிகேவுக்குப் போனார். அவள் தம்பி வீட்டுக்குப் பின்னால் வள்ளிக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்டுப் படி ஏறுவேன் மேடம்? என்னைக் கூப்பிடாதீங்க."

"எனக்கும் வேற மூஞ்சி இல்ல யாயா. ஆஸ்பத்திரியிலேர்ந்து பயிற்சி குடுக்கற அம்மா வந்து சொல்றதெல்லாம் நாம செஞ்ச அதே வேலைதான். ஸ்பாஞ்சு. துணி. மணிச்சத்தம். அவன் விரல் மூட மாட்டேங்குது. நான் ரெண்டு நிமிஷத்துல அழுதுடறேன், என்னால முடியல. உங்களுக்குத்தான் காத்திருக்கத் தெரியும்."

"காத்திருந்துதான் அவனைக் கெடுத்தேன்."

மேடம் வெயிலில் அப்படியே நின்றார். லிப்ராதா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள்.

ஐந்து வருடத்துக்கு மேல். தினமும் காலையில் அவனைத் தன் நெஞ்சோடு பக்கவாட்டில் சாய்த்து உட்காரவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சை அவன் உள்ளங்கையில் வைப்பாள். தன் கையால் அவன் கையை மூடி, பிழிந்து, விடுவாள். "தண்ணி வருது பாரு தோதோ" என்று செல்லமாகச் சொல்லுவாள். மத்தியானம் மணி அடிப்பாள், எந்தப் பக்கம் கண் போகிறது என்று பார்க்க. உப்புத்தாள் எழுத்தில் அவன் விரலை வைத்துத் தடவுவாள். எதற்கு எழுத்து என்று நான் கேட்டதில்லை. ஒரு நிமிடம்கூட அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். குளிக்கப் போனால் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் போவாள். "முதுகுப் பக்கம் உக்காராத. முகத்தப் பாத்து உக்காரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்.

ஏழாவது மாதம் அவன் சுண்டுவிரல் மடங்கியது. நாலரை வயதில் ஸ்பாஞ்சைத் தானே ஒருமுறை பிழிந்தான். மேடம் கத்திவிட்டார். அவன் மிரண்டு உடம்பு விறைத்துப் போனான், அன்றைக்கு மருந்து கொடுத்துத்தான் தூங்கவைத்தோம். அதன் பிறகு மூவரும் சத்தமில்லாமல் சந்தோஷப்படக் கற்றுக்கொண்டோம். அப்படிச் சந்தோஷப்பட்ட நாட்களும் அதிகம் இல்லை. ஐந்து வயதில் குழாய் போனது, கரண்டியால் கஞ்சி இறங்கியது. ஆறில் வலிப்பு வந்து, கற்றதில் பாதி போனது. மறுபடி ஸ்பாஞ்சிலிருந்து ஆரம்பித்தாள். அவன் பேசவேயில்லை.

எட்டரை வயதில், டிசம்பர் மாதம், நுரையீரலில் சளி கட்டி நான்கே நாளில் போய்விட்டான். தின்டோ வந்தார். பெட்டியை மூடும்வரை ஒரு மூலையில் நின்றார். மேடத்திடம் இரண்டு வார்த்தை பேசினார், லிப்ராதாவிடம் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலமே மணிலாவுக்குத் திரும்பினார்.

மேடம் இருக்கச் சொல்லியும் லிப்ராதா கேட்கவில்லை. அலமாரியையும் தட்டுகளையும் ஆஸ்பத்திரிப் பயிற்சி அறைக்குக் கொடுக்கச் சொன்னாள். சோழிகளை என்ன செய்தாள் என்று தெரியாது. ஊருக்குப் போனபின் யார் பிள்ளையையும் அவள் தூக்கவில்லை. சந்தைக்குப் போகும் பெண்கள், "செத்த நேரம் பாத்துக்கங்க மானாங்" என்று கேட்டால், "எனக்கு முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாளாம். திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேர்.

போன வருடம் தம்பி மருமகளுக்குக் குழந்தை பிறந்தது. அந்தப் பெண் சின்னவள், பழைய கதை எதுவும் தெரியாதவள். குளிக்கப் போகிற அவசரத்தில், கேட்காமலே குழந்தையை இவள் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இதை லிப்ராதாவே எனக்குப் போனில் சொன்னாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க மானாங்?" என்றேன்.

"என்ன செய்யறது? அவ வர்ற வரைக்கும் மூச்சு வருதான்னு மூக்குகிட்ட விரலை வெச்சுக்கிட்டே இருந்தேன். வந்ததும் குடுத்துட்டேன். இனிமே இப்படிப் போட்டுட்டுப் போகாதேன்னு நல்லா ஏசிட்டேன். பாவம், அழுதுட்டா."

 பிறகு மேடத்துக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.