பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும்

என் அக்கா புருஷன் பதினாறு வருஷமாக எங்கள் கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் டிரைவர். வண்டி வாங்க வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. பின்சீட்டில் உட்கார்ந்து விலை சொல்வது என் வேலை. காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் குரூஸ் கண்ட்ரோலை விளக்குவதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

"இந்தப் பொத்தானை அமுக்கினா பச்சை விளக்கு வரும். எண்பதுல போறப்ப 'செட்' குடுத்துட்டுக் காலை எடுத்துடுங்க. மேடு வந்தா அதுவே பெட்ரோலைக் கூட்டிக்கும், இறக்கத்துல குறைச்சுக்கும். பிரேக்கை லேசாத் தொட்டாப் போதும், விட்டுடும். 'ரெஸ்யூம்' குடுத்தா மறுபடி அதே எண்பது. மழையிலயும் நெரிசல்லயும் மட்டும் போடவே போடாதீங்க."

வாய்தான் பிரேக் என்று சொல்லும். கொஞ்ச நாளாக அவர் விரல் ஸ்டீயரிங்கில் இருக்கும் 'கேன்சல்' பொத்தானுக்குத்தான் போகிறது. காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்பு ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஷோரூமுக்குள் நடந்து வந்தார். இன்னொன்று வண்டியிலேயே கழன்று கிடந்தது. மனுஷனுக்கு அது தெரியவே இல்லை.

"சக்கரை, மாப்ள. வலது பாதம் மரத்துப்போச்சு. அக்காகிட்ட மூச்சு விட்டுடாதே. ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

அன்றைக்கே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். போனால் அவர் வேலை போய்விடும். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும், கயிறு கட்டும் ஷூ ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். "இதைக் குனிஞ்சு கட்டறதுக்குள்ள கஸ்டமர் வேற கடையில வண்டி வாங்கிடுவான்" என்று அதைப் பரணில் போட்டுவிட்டார் மாமா.

இன்று வந்தவர் ஒரு டீச்சரம்மா. எண்பதில் போய்க்கொண்டிருந்தோம். மாமா 'கேன்சல்' பக்கம் விரலை நீட்டியதுமே டீச்சரம்மா மடக்கினார்.

"அவசரத்துக்கு நான் பட்டனையா தேடிட்டிருப்பேன்? பிரேக்கைத் தொட்டுக் காட்டுங்க."

மாமா சிரித்தார். கால் நகர்ந்தது, பிரேக்குக்கு அல்ல, ஆக்ஸிலரேட்டருக்கு. வண்டி உறுமியது. எண்பத்தைந்து, தொண்ணூறு. எதிரே ஒரு லாரியின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மாமா!" என்று கத்தினேன். பின்சீட்டிலிருந்து வேறு என்னத்தைச் செய்வது?

அவர் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்து காலைத் தேடினார். பிறகுதான் பிரேக் விழுந்தது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தால் அதிகம்.

ஷோரூம் வாசலில் இறங்கியதுமே டீச்சரம்மா மேனேஜரிடம், "பிரேக்கைத் தொட்டா பிச்சுக்கிட்டு ஓடுதுங்க உங்க வண்டி!" என்று பிடிபிடியென்று பிடித்தார். மாமா பின்னாலேயே ஓடினார்.

"வண்டியிலதான் சார் ஏதோ கோளாறு. நான் தொட்டேன், அது விடல."

 மேனேஜர் என்னைக் கேட்பதற்குள் நழுவி, மாமா திறந்தபடி விட்டுப்போன கதவை மூடப் போனேன். பிரேக்குக்கு அடியில் கறுப்பு ஷூ ஒன்று கிடந்தது. அய்யோ என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மேனேஜர் ஏற்கெனவே கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வலது ஷூ எங்கே?"

மாமா குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. நிமிர்ந்து என்னைத் தேடினார். ஷூ என் கையில் இருந்தது.