குமரேசனுடையதைவிடப் பெரிய கூலர்

கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் என் பெரியவன் நேற்றுத் தன் கம்ப்யூட்டரைக் கழற்றி மேசைமேல் பரப்பியிருந்தான். பெட்டிக்குள்ளிருந்து சுட்ட தூசி வாசம் வந்தது. சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் மட்டும் குனிந்து இன்னொரு முறை இழுத்துக்கொண்டேன். எனக்கு அது வயிற்றெரிச்சலின் வாசம்.

"அப்பா, புராசசருக்கு எந்தக் கூலர் வாங்கலாம்? இதுல கலர் கலரா லைட் எரியுது பாருங்க" என்று செல்போனை நீட்டினான்.

"லைட்டப் பாக்காத சாமி. உன்ற புராசசரு எவ்வளவு சூடு தள்ளும், போர்டுல இது உக்காருமான்னு பாரு. அப்பறம் ஒசரத்தப் பாரு. பொட்டி மூடணுமில்ல?"

"உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?" என்றாள் சின்னவள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், கண்ணுகளா.

பெரியவன் நடை பழகிய காலத்தில் மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் எனக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரே அறை. பாதி அறையில் வீட்டுக்காரரின் மிளகு மூட்டைகள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, டிவிடி போட்டுக் கொடுப்பேன். பத்தாவதோடு நின்றவனுக்கு அது பெரிய மரியாதை. மாப்பிள்ளையையே "இப்படித் திரும்புங்க" என்று அதட்டலாம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் குமரேசன் அதே கடையைப் போடும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அவனை எனக்குப் பிடிக்காமல் போக ஒரே காரணம், அவன் கம்ப்யூட்டர் மெஷின் நிற்கவே நிற்காது. வெட்டி ஒட்டிய காட்சிகளை ஒரே படமாக்கும்போது புராசசர் மணிக்கணக்கில் உழைத்துக் கொதிக்கும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ளத்தான் கூலர். அது தள்ளாவிட்டால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். என்னுடையது தாலி கட்டும் காட்சி வருவதற்குள் அணையும். "மலையே குளுருது, இதுக்கெதுக்கு நல்ல கூலரு" என்று வாங்கும்போதே பேசியவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் மச்சினனுக்குக் கல்யாணம் நடந்தது. படம் எடுத்து முடித்திருந்தேன். என் மாமனார், அதாவது பிள்ளைகளுக்கு அப்புச்சி, கடைக்கு வந்தார்.

"மாப்பிள்ள, கோவிச்சுக்காதீங்க. படத்தக் கொமரேசங்கிட்டக் குடுத்தரட்டுங்களா? புதுப்பொண்ணு ஆடிக்கு அவங்க ஊட்டுக்குப் போறப்போ கையில கொண்டு போகோணுங்க."

"நானிருக்கயில வெளியாளுக்குக் குடுப்பீங்களா? ஆடிக்குள்ள குடுத்தர்றனுங்க" என்றேன்.

குமரேசனிடமே எந்தக் கூலர் என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவன் போல நின்று அவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். திறந்த பெட்டிக்குள் அடுக்கடுக்காகத் தகடு, நடுவே செம்புக் குழாய், மேலே சத்தமே இல்லாமல் ஒரு ஃபேன். என் மெஷின் நெல் அரைக்கிற மாதிரி கத்தும். அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சேலத்துக் கடைக்குப் போன் போட்டேன். "உங்க பொட்டி அகலம் என்னங்ணா? கூலரு ஒசரம் அதுக்குள்ள அடங்கோணும்" என்றான் கடைக்காரப் பையன். "அகலம் கெடக்குது. இங்கொருத்தன் வெச்சிருக்கறான், அதவிடப் பெருசாக் குடு" என்றேன்.

கூலர் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் இரண்டு கையாலும் இறக்கி, "ஏனுங்ணா, இது மிசினுக்கா, கெணத்துக்கா?" என்றார். குமரேசன் தன் கடை வாசலில் நின்றான். அவன் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தேன்.

மாட்டிவிட்டேன். ஆனால் கூலர் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டது, பெட்டி மூடவில்லை. திறந்தே கிடக்கட்டும் என்றால், மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். ஈரம் ஏறினால் மெஷின் போச்சு. குளிரும் ஈரமும் வந்தால் மலையில் யாருக்கும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கம்பளி எடுத்துப் போர்த்தினேன்.

"காத்து வாங்க அத்தாம் பெரிய ஃபேனு, அதும்மேல கம்பளியாங்க? மிசினுக்குச் சளியா புடிச்சிருக்குது?" என்றாள் மனைவி.

"ஈரம் பூந்துக்கும், நீ போ."

தாலி கட்டும் காட்சிக்கு முன்னால் மெஷின் அணைந்தது. கம்பளியில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

மச்சினன் நான் படம் பிடித்த கேசட்டுகளை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். மறுநாளே டிவிடி தயார். பெண் வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். எடுத்தது முழுக்க நான். முடிவில் குமரேசன் பெயர் மட்டும் திரை முழுக்கச் சுழன்று சுழன்று வந்து நின்றது. அந்தப் பெயர் இனி யார் கண்ணிலும் படக் கூடாது என்று நெஞ்சார வேண்டிக்கொண்டேன்.

இப்போது கல்யாணத்துக்குக் கீழேயிருந்து ட்ரோனோடு ஆட்கள் வருகிறார்கள். குமரேசன் கடையை எடுத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். திரும்பி வந்த கேசட்டுகளின் மேல் நானே வேறு கல்யாணங்களை எடுத்துவிட்டேன். இருந்த ஒரே டிவிடியில் பூஞ்சை பிடித்து, எந்த மெஷினிலும் ஓட மாட்டேன் என்கிறது.

ஆக, என் வேண்டுதல் பலித்துவிட்டது. குமரேசன் பெயரை இனி யாரும் பார்க்க முடியாது. சின்னவள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அவள் அப்புச்சி, அந்தப் படத்தில் கையில் சாம்பார் வாளியோடு என் கேமராவைப் பார்த்து, "போதும் மாப்பிள்ள, வந்து சாப்புடுங்க" என்று சிரிப்பதையும் பார்க்க முடியாது.