சனிக்கிழமைத் தண்ணீரும் வெளியூர் ஆட்டமும்

குளத்தின் கீழுள்ள ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் முறைநாளை மாற்ற வேண்டுமானால், அந்த வாய்க்காலில் காணி வைத்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்த இருபத்தொரு நாட்களுக்குள் நீர்ப்பாசனக் கந்தோர், அதாவது அலுவலகம், எழுத்துமூலம் பதில் தர வேண்டும். விதி அவ்வளவுதான். இதில் உதைபந்தாட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இருந்தும், அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிக்கு அருகே அக்கராயனில் இருந்த ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவிதி இந்த விதிக்குள்தான் கிடந்தது. முப்பது ஆண்டுகள் அரசாங்கக் கடிதங்களை எழுதியும் கோவைகளில் தைத்தும் ஓய்வு பெற்றவள் நான். விதிகள் தமக்குச் சம்பந்தமில்லாத இடங்களில்தான் நன்றாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

கழகத்தின் செயலாளர் என் மாமா, அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் ஒரே சோதனையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒரே பாடத்தில் தவறி, மூன்றாம் முறை எழுதும் தொல்லையிலிருந்து தப்ப எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். பகலில் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுப்பார். பின்னேரத்தில் கழகம். ஊரில் அவரைத் தவறிப்போன பிள்ளை என்று சொல்லாமல் “செக்கிரட்டரி” என்று கூப்பிட்டவர்கள் கழகத்தில் அவரோடு ஆடிய பத்துப் பேர் மட்டுமே. அந்தச் சொல்லுக்காக அவர் எதையும் செய்வார் என்பது பத்து வயதான எனக்கே தெரிந்தது.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே வீரர் பதிவுப் பத்திரங்கள், லீக்குக்குப் போகும் கடிதங்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்குமான பெயர்ப் பட்டியல் எல்லாம் என் கையால்தான் எழுதப்பட்டன. எழுதியதற்காக எனக்குப் பதவி ஒன்றும் தரப்படவில்லை. பின்னாளில் கந்தோரிலும் நிலைமை அப்படியேதான் இருந்தது.

எங்கள் ஊரில் நடக்கும் ஆட்டங்களைக் குளக்கட்டில் இருந்து பார்ப்பேன். வெளியூர் ஆட்டங்களுக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வழக்கமில்லை. அதனால் எனக்கு ஒரு பெரிய புதிர் உண்டாயிற்று. சொந்த மைதானத்தில் எங்கள் ஆட்கள் வவுனியா அணியை நான்குக்குப் பூச்சியம் என்று அடித்து அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்து அதே அணியிடம் அவர்களுடைய ஊரில் ஐந்து வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதே கால்கள், அதே பந்து. இடையில் என்ன நடந்தது?

எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். மத்தியஸ்தர் அந்த ஊர்க்காரர் என்றார் மாமா. பஸ் குலுக்கியதில் குடல் இடம் மாறிவிட்டது என்றார் கோல்காப்பாளர். அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே சொன்னா: “ரவுணைக் கண்டால் உவங்களுக்குக் கண் பந்தில நிக்குமே? கடை கடையா ஓடும்.” அப்பாவுக்கு மட்டும் இதில் கவலையே இல்லை. பந்தடி மைதானத்தில் ஒரு நாளும் கால் வைக்காத அவர், வெளியூர் ஆட்டங்களின் மிகப் பெரிய ஆதரவாளர். “தோத்தாலும் போய்த் தோக்கவேணும், மச்சான்,” என்று மாமாவின் முதுகில் தட்டுவார். “போகாமல் விடக் கூடாது.”

விடை நான் எழுதிய பட்டியலிலேயே இருந்தது. நான் பதினொரு பெயர் எழுதிக் கொடுப்பேன். வெளியூரிலிருந்து அந்தத் தாள் திரும்பி வரும்போது மூன்று பெயர்கள் பென்சிலால் வெட்டப்பட்டிருக்கும். அதாவது எட்டுப் பேர்தான் போயிருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரான லெஃப்ட் அவுட் அண்ணை ஆட்டத்தின் நடுவில் மூன்று தரம் மத்தியஸ்தரிடம் நேரம் கேட்டாராம். நான்காம் தரம் மத்தியஸ்தர் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாராம்.

காரணம் தண்ணீர். எங்கள் வீரர்கள் எல்லோரும் ஐந்தாம் வாய்க்கால்காரர். மழையில்லாத சிறுபோகத்தில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கிழமையில் ஒரு நாள்தான் தண்ணீர் வரும். ஐந்தாம் வாய்க்காலுக்குச் சனிக்கிழமை. லீக் ஆட்டங்களும் சனிக்கிழமை. தன் முறை வரும்போது ஒருவன் மண்வெட்டியோடு வரப்பில் நின்று வயல் வாயை வெட்டித் திறக்காவிட்டால், தண்ணீர் அவனுக்காகக் காத்து நிற்காது. அடுத்தவனுடைய வயலுக்குப் போய்விடும். சொந்த ஊர் ஆட்டமென்றால் இடைவேளையில் ஓடிப்போய் வாயைத் திறந்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து இரண்டாம் பாதி ஆடலாம். எங்கள் சென்டர் ஹாஃப் ஒருமுறை தோளில் மண்வெட்டியோடேயே மைதானத்துக்குள் இறங்கி, அதை வெளியே வைக்கும்படி எச்சரிக்கப்பட்டார். முல்லைத்தீவில் ஆட்டமென்றால் காலை ஏழு மணி பஸ். திரும்பி வர இருட்டிவிடும். அதற்குள் யார் யாருடைய தண்ணீரைத் திருப்புவான் என்ற நினைப்போடு பந்து உதைத்தால் அது எங்கே போகும்?

லீக்கின் விதி வேறு நெருக்கியது. மூன்று வெளியூர் ஆட்டங்களுக்குப் பதினொரு பேரை இறக்காத கழகம் நீக்கப்படும். இரண்டு ஆட்டங்கள் அப்படிப் போய்விட்டன. மூன்றாவதும் போனால் மாமா வெறும் சீனி நிறுக்கிறவர்தான்.

மாமா விதிப்படியே நடந்தார். முறைநாளைப் புதன்கிழமைக்கு மாற்றும்படி விண்ணப்பம் ஒன்றைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யூன் மாதம் மூன்றாம் திகதி என்று போட்டேன். மாமா வீடு வீடாகப் போய் ஒப்பம் வாங்கினார். முதல் ஒப்பம் அப்பாவுடையது. “நான் நாளைக்குக் கிளிநொச்சிக்குப் பசளை எடுக்கப் போறன். கையோட கந்தோரில குடுத்துவிடுறன்,” என்று அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இருபத்தொரு நாள் கழிந்தது. முப்பது நாளும் கழிந்தது. தபால்காரர் எங்கள் படலையைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு நாளும் மாமா கந்தோரைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

“உவங்களை நம்பி இருக்கேலாது,” என்றார் மாமா ஒரு நாள். “நாங்களே ஒரு ஒப்பந்தம் எழுதுவம்.”

அந்த ஒப்பந்தத்தைப் பதினொரு பிரதி எழுதினேன். கரிக்கடதாசி எங்களிடம் இல்லை; திரும்பத் திரும்ப எழுதியதில் இன்றும் மனப்பாடம். முதலாம் பிரிவு: பருவம் முடியும்வரை இக்கழகத்துக்கு மட்டுமே ஆடுவேன். இரண்டாம் பிரிவு: வெளியூர் ஆட்டங்களுக்குத் தவறாமல் வருவேன். மூன்றாம் பிரிவு: சக வீரனின் தண்ணீரைத் தொடமாட்டேன். இந்த மூன்றுக்கும் யாரும் ஒப்பமிடவில்லை.

“எல்லாரும் பஸ்ஸில இருந்தால், தண்ணியை ஆர் பாக்கிறது? பஸ் டிறைவரே?” என்று கேட்டார் லெஃப்ட் அவுட் அண்ணை.

அப்போதுதான் அப்பா கதிரையை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தம்பிமார், நீங்கள் போய் ஊருக்குப் பேர் எடுத்துக்கொண்டு வாங்கோ. உங்கட முறையை ஒண்டொண்டா நான் திறந்து பூட்டுறன். எனக்கென்ன, எங்கட காணி வாய்க்கால் முடியிற இடம். மிஞ்சினது வந்தால் சரி.”

அது உண்மைதான். எங்கள் காணி வாய்க்காலின் கடைசிக் காணி. மேலே பத்து வயல் குடித்து முடித்த பிறகு, சில சனிக்கிழமைகளில் எங்களுக்கு ஈரம் மட்டும் வரும். அம்மா அன்று சோறு போடும்போது சட்டியோடு கதைப்பா.

எல்லோருக்கும் நெஞ்சு இளகிவிட்டது. நான்காம் பிரிவு பிறந்தது: வெளியூர் ஆட்ட நாளில் அனைவருடைய தண்ணீருக்கும் செயலாளரின் அத்தானே பொறுப்பு. பதினொரு பேரும் ஒப்பமிட்டார்கள். சாட்சியாகவும் அப்பாவே ஒப்பமிட்டார். பொறுப்பாளரே சாட்சியாக இருக்கக் கூடாது என்ற விதி எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பதினொரு பேரும் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா தந்த தேத்தண்ணிப் போத்தலோடு நான் பதினொரு மணியளவில் வயலுக்குப் போனேன். வாய்க்கால் கரையில் நடந்தபோது ஒன்று தெரிந்தது. மேலே இருந்த வயல்களின் வாய்கள் எல்லாம் நன்றாக மண் போட்டு அடைக்கப்பட்டிருந்தன. தண்ணீர் அவசரமாக எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வயலில் தேங்கிய தண்ணீரில் முதன்முறையாக வானம் தெரிந்தது.

“அப்பா, ஏன் மற்ற ஆக்களின்ர வயல் வாய் எல்லாம் பூட்டிக் கிடக்கு?”

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். “அது பிள்ளை, தண்ணியை முதல் கடைசிக்கு விடவேணும். கடைசி நிரம்பினால் பிறகு தானா மேலுக்கு ஏறும்.”

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. போத்தல் நிரம்புவதும் அடியிலிருந்துதானே? வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதி வைத்தேன். பொழுது சாயும்வரை வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்க இன்னும் இரண்டு தரம் போனேன். அப்பாவைத் தவிர ஒருவரும் வரவில்லை. காவல் என்றால் இப்படித்தான் என்று எனக்குப் பெருமை.

அன்று கழகம் வென்றது. இரண்டுக்கு ஒன்று. வெளியூரில் முதல் வெற்றி. ஒருவரும் நேரம் கேட்கவில்லையாம். சந்தியில் இறங்கியதிலிருந்து எங்கள் படலைவரை மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கீழே இறங்க மறந்துபோய்த் தோளிலிருந்தபடியே அம்மாவிடம் தண்ணீர் கேட்டார்.

விடிந்ததும் அவரவர் வயலுக்குப் போனார்கள். நெல் குடலைப் பருவம்; கதிர் இன்னும் தண்டுக்குள். அந்த நேரத்தில் ஒரு முறை தண்ணீர் தவறினால் கதிர் பதராகும். பத்து வயல் வெடித்துக் கிடந்தது.

ஒன்பது மணிக்கு எல்லோரும் எங்கள் முற்றத்தில். அவர்கள் அப்பாவைச் சந்தேகிக்கவில்லை. ஆறாம் வாய்க்கால்காரர் வந்து மறித்திருக்க வேண்டும் என்றுதான் கத்தினார்கள். கோல்காப்பாளர் பொல்லுத் தடி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அப்பா கதிரையில் இருந்தபடி, “நான் ஒரு ஆள், எத்தினை பக்கம் பாக்கிறது?” என்றார்.

லெஃப்ட் அவுட் அண்ணைதான் என்னைக் கண்டார். “பிள்ளை, நீ தேத்தண்ணி கொண்டு போனனியெல்லே? ஆறாம் வாய்க்கால்காரர் ஆரும் நிண்டவையோ?”

அப்பாவைக் காப்பாற்ற எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று சொன்னேன்: “ஒருத்தரும் வரேல்லை. நான் மூண்டு தரம் போய்ப் பாத்தனான். அப்பா மட்டும்தான் நிண்டவர். எல்லா வாயையும் பூட்டிப்போட்டு, தண்ணியை முதல் கடைசிக்கு விட்டவர். கடைசி நிரம்பினால் பிறகு மேலுக்கு ஏறுமாம்.”

கோல்காப்பாளர் பொல்லைக் கீழே இறக்கினார். நான் சொன்னது நன்றாக இருந்தபடியால்தான் இறக்கினார் என்று எண்ணினேன்.

“மேலுக்கு ஏறுமோ?” என்றார் லெஃப்ட் அவுட் அண்ணை மெதுவாக. “ஓம், ஏறும். தென்னை மரத்திலயும் ஏறும்.” சட்டைப்பையிலிருந்து தன் ஒப்பந்தப் பிரதியை எடுத்தார். கிழிக்கவில்லை. மடிப்பைப் பிரித்து, நான்காம் பிரிவு மேலே தெரியும்படி, அப்பாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வைத்தார்கள். கோல்காப்பாளர் பொல்லையும் கொண்டே போனார். அதற்கு வேலை இருக்கவில்லை. அப்பாவின் மடியில் என் கையெழுத்தில் பத்துப் பிரதிகள் கிடந்தன. பதினோராவது மாமாவிடம். அவரும் அணியில் ஒருவர். அவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு மாமா ஒருவர்தான் சந்தியில் நின்றார். ஏழு மணி பஸ் வந்தது; போனது. லீக்கிலிருந்து நீக்கக் கடிதம் தாமதமின்றி வந்தது. யூலை முடிவில் மாமா பெட்டியோடு யாழ்ப்பாணம் போய்விட்டார், மூன்றாம் முறை சோதனை எழுத. அவர் போன பிறகு இரண்டு சனிக்கிழமை அப்பா தண்ணீருக்குப் போகவில்லை. அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே போனா. எங்கள் வயல் அந்த முறை நன்றாக விளைந்தது. அரிவு வெட்டக் கூலிக்கும் ஒருவரும் வரவில்லை.

அதற்கிடையில்தான் கந்தோர்ப் பதில் வந்தது. ஆங்கிலக் கடிதம். அப்பா அதை என்னிடம் தந்தார். எழுத்துக்கூட்டி வாசித்துப் பொருள் சொன்னேன். யூன் மூன்றாம் திகதி எழுதப்பட்டு, ஓகஸ்ற் எட்டாம் திகதி இக்கந்தோரில் கையளிக்கப்பட்ட விண்ணப்பத்தின்படி, ஐந்தாம் வாய்க்காலின் முறைநாள் புதன்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

“இரண்டு மாதத்துக்கு மேல் வைச்சிருந்திட்டாங்கள், அப்பா,” என்றேன், மாமாவின் குரலில்.

அப்பா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். “அவங்களை ஏசாதை, பிள்ளை,” என்றார். அரசாங்கத்தின் மேல் அவருக்கு இவ்வளவு மரியாதை எப்போது வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, வந்த கடிதங்களில் திகதி முத்திரை குத்துவதே என் வேலையாயிற்று. எழுதிய திகதி ஒன்று, கையளித்த திகதி ஒன்று என்று இரண்டையும் பதிவேட்டில் எழுதிய ஒரு நாளில் பேனையைக் கீழே வைத்துவிட்டு விரலை மடித்து எண்ணினேன். விண்ணப்பம் ஒரு சட்டைப்பையில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறது. மாமா போன பிறகுதான் கிளிநொச்சிக்குப் பயணம் செய்திருக்கிறது. என் உத்தியோக காலம் முழுவதும் நான் கண்ட கந்தோர்களில், அந்த ஒன்று மட்டும் விதித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே பதில் தந்திருந்தது. கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஓகஸ்ற் மாதம் இருபத்தேழாம் திகதி.