சி.பி.யூ.வுக்குத் தைத்த உறை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் ஓடும். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் அணைந்துபோகும். மற்ற நாளில் நான் மார்க் லிஸ்ட் அடிக்க ஐந்து நிமிடம் திறப்பேன், மூடிவிடுவேன், அப்போது ஒரு தொல்லையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகளை என் வீட்டுக்காரர் கூப்பிடும்போதுதான் அது மானத்தை வாங்கும்.

அவருக்குக் காது கேட்காது. கல் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று காலமெல்லாம் வேலை பார்த்ததில் போய்விட்டது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். விசில் அடிக்கிறது என்று மேசை டிராயரில் போட்டுவிட்டார். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொள்வார். போனில் மகளின் முகம் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், அதில் உதட்டை எங்கே பார்ப்பது? கம்ப்யூட்டரின் பெரிய திரை இருந்தால்தான் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள முடியும். அவள், "சாப்ட்டீங்களாப்பா" என்று ஆரம்பித்து அந்த வாரத்து ஆஸ்பத்திரிக் கதைக்கு வருவதற்குள் திரை கறுத்துவிடும். இவர் கறுத்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். காலையிலேயே ஊற்றிய செடி அது.

அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். விடை வராத கணக்கை விட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று சொன்ன ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். அது வரும்போதே கூட இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. மூன்றும் சேர்ந்துகொண்டு, என் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருப்பதாக என்னையே மிரட்டின. அவற்றை வெளியேற்ற இரண்டு நாள் ஆனது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வைரஸ் என்றார். இன்னொருவர் வீடியோக்களை அழிக்கச் சொன்னார். நாத்தனார் வீட்டுக் கல்யாண வீடியோ முழுவதையும் அழித்தேன். கம்ப்யூட்டருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் கொஞ்சம் இதமாக இருந்தது.

கடைசியில் சி.பி.யூ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர், இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. காலையில் போட்டு விட்டவர் சாயங்காலம் வரை ஓடவிட்டார். அணையவே இல்லை.

"நல்லாத்தானே ஓடுது, டீச்சர். தூசி இருந்துச்சு, ஊதி வுட்டேன்."

வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்தே நிமிடம், போய்விட்டது. மறுபடி கொண்டுபோனேன். மறுபடி நாள் முழுக்க ஓடியது. படிக்கிற காலத்தில் வாய்ப்பாடு சொல்லாதவனிடம் போய் நம்பி நின்றேனே என்று என்னையே திட்டிக்கொண்டு, அடுத்த தடவை பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரியலூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் தொடை மரத்துவிட்டது. கண்டக்டர் வேறு, "இதுக்கு லக்கேஜ் போடணும்ங்க" என்றார். அங்கேயும் அது சமர்த்தாக ஓடிக் காட்டியது. பெரம்பலூர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுல கரண்டு சரியில்லையோ என்னமோ" என்றார். கரண்டு ஆளையும் வரவழைத்தேன். அவரும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

நொந்துபோய் அரியலூர்க் கடைக்காரரையே வீட்டுக்கு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வருவதற்கும் அவர் வண்டியை நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது. உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதுக்கு எதுக்கு டீச்சர் சட்டை போட்டு வெச்சிருக்கீங்க?"

சட்டை இல்லை, உறை. எங்கள் வீடு கல்லங்குறிச்சி ரோட்டில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் விடிந்ததிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். துடைத்துவிட்டுத் திரும்பினால் மேசையில் கோலமே போடலாம், அவ்வளவு தூசி. அதனால் மிக்ஸி, டிவி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பழைய புடவையில் உறை தைத்திருக்கிறேன். சி.பி.யூ.வுக்கு அளவெடுத்து, உள்துணி கொடுத்து, சுவிட்சுக்கும் வயருக்கும் மட்டும் ஓட்டை விட்டு, மற்ற எல்லாப் பக்கமும் மூடித் தைத்திருந்தேன். கடைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் பழைய புடவையோடு போவது கௌரவக் குறைச்சல் என்று கழற்றி வைத்துவிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் மாட்டிவிடுவேன்.

அவர் பெட்டியை ஓடவிட்டு, சிறிது நேரம் கழித்து உறைக்குள் கையை விட்டார். சுருக்கென்று வெளியே எடுத்தார்.

"காத்து போற ஓட்டையெல்லாம் அடச்சு வெச்சா அது என்ன டீச்சர் பண்ணும்? சூடு தாங்காம தானா அணைஞ்சுக்குது. இதக் கழட்டிடுங்க. தூசிக்கு மாசம் ஒருதரம் நான் வந்து ஊதி வுடுறேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அவர் வண்டி கிளம்பியதும் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"மெஷினோடயே கெடந்தவருக்கு இது தெரியாதாங்க?"

"தெரியும். போன மாசம் கழட்டி வெச்சேனே. தூசி அடையுதுன்னு நீ திட்டுன."

"காது கேக்காதவருக்கு அது மட்டும் கேட்டுச்சாக்கும்."

"திட்டுறப்பதான் நீ என் மூஞ்சியப் பாத்துப் பேசுற" என்றார். "மத்ததெல்லாம் அடுப்படியிலேருந்து முதுகக் காட்டிக்கிட்டுச் சொல்லுற."

குறையாகச் சொல்லவில்லை. மெஷினில் எந்த போல்ட் கழன்றிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உறை இல்லாத பெட்டி அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஓடியது. வார்டில் யாரோ ஒரு பாட்டி மருந்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததை மகள் நடித்துக் காட்டியிருக்கிறாள் போல. அவர் சிரித்த சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த வீட்டில் நாள் பூராவும் பேசுகிறவள் நான்தான். ஆனால் இத்தனை வருடமாக அவரிடம் போய்ச் சேர்ந்ததெல்லாம் என் வசவு மட்டும்தான்.

பேசி முடித்து அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. "என்னங்க சொன்னா புள்ள" என்று கரண்டியும் கையுமாக, திரும்பாமலே கேட்டேன். பதில் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே அவர் முகம் சுருங்கியது. கம்ப்யூட்டர் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

திட்ட வரவில்லை என்று தெரிவதற்காக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் மெதுவாகக் கேட்டேன்.