நடக்கவிடும் ஸ்கேன் டாக்டர்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'நடை டாக்டர்' என்றுதான் பெயர். ஸ்கேன் எடுக்கிறவருக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வரும் பெண்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். வயிற்றுக்குள் பாப்பா முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தால் அவர் லேசில் விடமாட்டார். "எழுந்து வராண்டாவுல ரெண்டு சுத்து நடந்துட்டு வாம்மா" என்பார். வந்தால் இடப்பக்கம் புரண்டு படுக்கச் சொல்வார். அப்புறம் வலப்பக்கம். அப்புறம் மறுபடியும் நடை. காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், டோக்கன் கொடுக்கும் பெண் தலையில் அடித்துக்கொள்வாள். டாக்டர் காதில் வாங்கினால்தானே! மேலுதட்டைக் கண்ணால் பார்க்காமல் 'முகம் நன்றாக உள்ளது' என்று எழுத அவருக்குக் கை வராது.

இந்தப் பிடிவாதம் ஒன்றும் பிறவிக் குணமில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பாப்பா இப்படித்தான் கையை எடுக்கவே இல்லை. வெளியே ஏகப்பட்ட கூட்டம். மற்றதெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறந்த பெண்குழந்தைக்கு உதட்டுப் பிளவு. பால் குடிக்க முடியாமல் பத்து நாள் தவித்துப்போனது. பிறகு தைத்துச் சரிசெய்துவிட்டார்கள், அது வேறு விஷயம். டாக்டருக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்த அம்மாவே ஒரு நாள் காலையில் ஐந்து மாத வயிற்றோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? கூடவே அந்த மகள். ஆறு வயது, சரியான வாயாடி, மேலுதட்டில் மெல்லிய தழும்பு. டாக்டரின் பார்வை அந்தத் தழும்பிலேயே நின்றது.

"வேற எங்கயாவது போயிருக்கலாமேம்மா" என்றார் மெதுவாக.

"நீங்க பார்க்காம விடமாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் வந்தேன். இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க, டாக்டர்" என்றாள் அம்மா.

இந்தப் பாப்பா மட்டும் அக்காவுக்குச் சளைத்ததா? இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டது. நடை. புரளல். மறுபடி நடை. அம்மாவுக்கு முன்னால் மகள் வீறாப்பாக வராண்டாவில் நடந்தாள். நாலாவது தடவை அவளுக்கே பொறுமை போய்விட்டது. அம்மாவின் வயிற்றருகே குனிந்து, "கையை எடேன்! எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரு அதட்டுப் போட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது, வயிறு குலுங்கியது, பாப்பா கையை இழுத்துக்கொண்டது.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூக்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு கறுப்பு இடைவெளி. இன்னொரு கோணத்திலும் பார்த்தார். சந்தேகமே இல்லை.

"இருக்கும்மா. உதட்டுல பிளவு இருக்கு." திரையை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். "உள்ளே மேலண்ணம் எப்படின்னு பொறந்தப்புறம்தான் நிச்சயமா சொல்ல முடியும். இதுக்குன்னே பால் பாட்டில் இருக்கு, இப்பவே வாங்கி வச்சுக்கலாம். தைக்கிற டாக்டரையும் முன்கூட்டியே பார்த்துடலாம்."

அம்மாவின் கண் கலங்குவதற்குள் மகள் கத்தினாள்.

"எனக்கு இருந்த மாதிரியேவா? ஐயோ, என் பாப்பா!" அறை அதிரத் துள்ளினாள். "பாட்டில் நான்தான் பிடிப்பேன். வேற யாரும் தொடக்கூடாது!"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைக்கக்கூட மறந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ பொறந்தப்ப அந்த ரூம்ல ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பில்லை, டாக்டர். பெத்த நானே சிரிக்கலை. இந்தப் பாப்பாவைப் பார்த்ததும் சிரிப்பேன்."