செல்வம் சரின்னா சரி

ஜெர்மனியில் பழைய பொருள் விற்கிறவர், வாங்க வந்தவனிடம் முதலில் சொல்வது அதன் குறையைத்தான். இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பெரியவரிடம் பந்தய ரகக் காரின் பிரேக் காலிப்பர்களை வாங்கப் போனேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வி வண்டியை நிறுத்துகிற பாகம் அது. சமையல் பாத்திரம் போலத் துடைத்து வைத்திருந்தார். கீறல் விழுந்த இடத்தையும் மாற்றவேண்டிய ரப்பரையும் அவரே தொட்டுக் காட்டினார். கிளம்பும்போது "நாஹ் ஹௌசே?" என்றார். வீட்டுக்கா என்று அர்த்தம். "ஆமாம், ராஜபாளையத்துக்கு" என்றேன். அவர் விழித்தார். இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலிலா வீட்டுக்குப் போகிறாய் என்பதுதான் அவர் கேட்க வந்தது.

ராஜபாளையத்தில் அவை போய்ச் சேர்ந்தது செல்வத்தின் பட்டறைக்கு. பாலிடெக்னிக்கில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். சேர்ந்து பட்டறை போடுவதாகப் பேச்சு. எனக்கு விசா வந்தது. அவன் தனியாகவே போட்டான். இன்று மதுரையிலிருந்துகூட அவனைத் தேடி வண்டிகள் வருகின்றன. நான் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க ஒரே மாதிரி போல்ட்டை முடுக்குகிறேன். விடுமுறையில் அவன் கேட்ட பாகங்களோடு வரும்போதெல்லாம் அவன் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்ப்பேன். என் பெயரும் அதில் இருந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவனைப் பார்த்து ஊர் பொறாமைப்படும் என்பார்கள். ஊரில் இருப்பவனைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் வெந்துபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த முறை காலிப்பர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சி ஒருவருக்கு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மலைச்சாலையில் வேகமாக ஓட்டுவதில் அவருக்குப் பிரியம். வண்டியோடு பட்டறைக்கு வந்திருந்தார். காலிப்பரின் அருமை பெருமையை நான் விளக்க ஆரம்பித்ததுமே கையமர்த்திவிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு தம்பி? செல்வம் சரின்னா சரி."

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் பார்த்தேன். அந்தக் காலிப்பரோடு மாட்ட, செல்வம் கோயம்புத்தூரில் வாங்கி வந்திருந்த பழைய டிஸ்க்கில் மயிரிழை போல ஒரு விரிசல். மலையிறக்கத்தில் சூடேறினால் பிளந்துவிடும். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி காதில் விழ வேண்டும் என்றிருந்தது எனக்கு.

"ஏலே செல்வம், இதையா மாட்டப்போறே? விரிசல் கண்ணுக்குத் தெரியலையா?"

செல்வம் டிஸ்க்கை வெயிலில் திருப்பிப் பார்த்தான். முகம் வெளுத்தது. சட்டென்று என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, தப்பு என்னுதுதான். இவன் பாக்கலேன்னா உங்க உயிருக்கே வந்திருக்கும். இது வேண்டாம். செத்த பொறுத்துக்கோங்க, புதுசே வாங்கிப் போடுதேன்."

அண்ணாச்சி வெடிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ தலையாட்டினார். "இதுக்குத்தாம்ப்பா உங்கிட்ட வாரேன். எவன் இப்படித் தன் தப்ப ஒத்துக்கிடுதான்?" பிறகு என்னிடம் திரும்பி, "நல்ல கண்ணு. தம்பிக்கு எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"அப்படியா?" என்றார், என் ஷூவைப் பார்த்தபடி.

டீ வந்தது. அண்ணாச்சியும் வேலையாட்களும் பழைய டயர்களின் மேல் வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் ஒரு டயரை இழுத்தேன். செல்வம் தடுத்தான். உள்ளேயிருந்து நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, தன் துண்டாலேயே துடைத்துப் போட்டான்.

"நீ இதுல உக்காரு. பேண்ட்டு அழுக்காயிரும்."

உட்கார்ந்தேன். கீழே அவர்கள் தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட ஒரு முழம் உயரத்தில் நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.