யார் வீட்டுச் சாப்பாடு

நேற்று அக்கா மகள் தன் முதல் சம்பளத்தில் எங்களுக்கு விருந்து வைத்தாள். திருத்தணியைத் தாண்டிப் போகிற நெடுஞ்சாலையில், கண்ணாடியும் குளிருமாய் எழும்பி நிற்கிற புது பஃபே ஹோட்டல். கதவைத் தள்ளியதும் மூக்கில் முதலில் ஏறியது பிரியாணி வாசனை இல்லை. மூடி போட்ட நீளப் பாத்திரங்களுக்கு அடியில், சின்ன டப்பாவுக்குள் கொழகொழவென்ற ஜெல்லில் நீலமாய் எரியுமே ஒரு தீ, அதன் வாசனை. கொஞ்சம் ஆஸ்பத்திரி, கொஞ்சம் கல்யாண மண்டபம், கொஞ்சம் மண்ணெண்ணெய். உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம். எனக்கோ அந்த வாசனை அடித்தால் போதும், என் நைனா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்பார்.

"இன்னா மாமா, தட்டு எடுக்காம நெருப்பப் பாத்துகினு நிக்கிற?" என்றாள் அக்கா மகள்.

தட்டை எடுத்தேன். மனசு கூட வரவில்லை. அது எப்போதும் அப்படித்தான், நான் வரிசையில் நிற்கும்போது அது மட்டும் பஸ் ஏறிவிடும். நேற்று அது போய் இறங்கிய இடம், செல்போன்கள் சட்டைப்பையில் செங்கல் போலக் கனத்த காலத்துத் திருத்தணி.

அப்போது நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் வேலை பார்த்தேன். பிழை திருத்துவது வேலை. மணமகன் பெயரையும் மணமகளின் அப்பா பெயரையும் இடம் மாற்றிவிடாமல் இருப்பதற்காகச் சம்பளம் கொடுத்தார்கள். பிழை திருத்திய தாள்களின் பின்பக்கத்தில் கவிதை எழுதுவேன். அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை; தமிழுக்கு நல்ல நேரம். எங்கள் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் ஊரின் முதல் பஃபே திறந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: 'குடும்பத்துடன் வருக. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.'

எவ்வளவு வேண்டுமானாலும்! எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பலகையைக் கொஞ்ச நாள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பிறகு உள்ளே போனார்கள், போய் வெள்ளரிக்காயில் மாட்டிக்கொண்டார்கள். வரிசையின் தலைமாட்டில் பச்சைக் காய்கறிகளை வைப்பதுதான் அந்தத் தொழிலின் தந்திரம். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு விவசாயி, இதுதான் சாப்பாடு என்று நினைத்து வெள்ளரிக்காயும் வெங்காயமுமாய்த் தட்டை மலையாக்கிக்கொண்டு நகர்ந்தார். நாலடி தள்ளிப் பிரியாணியைக் கண்டதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே. "ஏங்க, எங்க கொல்லைல காய்க்கிறதத் துன்றதுக்கா பஸ் புடிச்சி வந்தோம்?" என்று அவர் மனைவி கேட்டது தெருவரைக்கும் கேட்டது.

எங்கள் வீடு அம்மையார்குப்பத்தில். தறிக்காரர்கள். நைனா பகலெல்லாம் பவர்லூம் சத்தத்தில் நிற்பவர் என்பதால் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போல இருக்கும். ஆனால் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சாம்பார் வாளி அவர் கையில்தான். கூப்பிட வேண்டியதில்லை. இலை விரித்த சத்தம் கேட்டால் துண்டு தோளிலிருந்து தானாக இடுப்புக்கு இறங்கும். 'போதும்' என்று இலைமேல் கையை விரித்துக் காட்டுகிறவர்களின் விரல் இடுக்கு வழியாகவே ஊற்றுகிற ஆள்.

அந்த வருஷம் வீட்டில் பெரிய கவலை அக்கா. இரண்டு இடம் வந்து, பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போய், சொல்லி அனுப்பாமலேயே விட்டிருந்தார்கள். முதல் முறை அக்கா சிரித்தாள். இரண்டாவது முறைக்குப் பிறகு பஜ்ஜி வாசனையே ஆகாதென்று எழுந்து போக ஆரம்பித்தாள். மூன்றாவதாக நகரிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சொல்வதுதான் முடிவு. இதுவும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பெண் பார்ப்பது மலைமேல், முருகன் சந்நிதியில் என்று முடிவாயிற்று. சிக்கல் அதற்குப் பிறகு. படியேறி இறங்கினால் பசிக்கும். ஆனால் சம்மதம் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அதற்காக, பசியோடு பஸ் ஏற்றி அனுப்பவும் நைனாவுக்கு மனசில்லை.

நான்தான் சொன்னேன். "நைனா, எங்க கடைகிட்ட அந்த ஓட்டல் இருக்குது. அங்க யாரும் யாருக்கும் போட மாட்டாங்க. அவங்கவங்களே எடுத்துக்கணும். அது நம்ம வூட்டுச் சாப்பாடும் இல்ல, அவங்க வூட்டுச் சாப்பாடும் இல்ல."

வீட்டில் என் யோசனை எடுபட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

"ஆனா நீ எதையும் தொடக் கூடாது" என்று நைனாவிடம் சொல்லி வைத்தேன்.

"தெரியும்டா. நான் இன்னா சின்னப் புள்ளையா?"

மலைமேல் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதாவது, யாரும் எதுவும் சொல்லவில்லை. பையனின் அம்மா அக்காவை ஒருமுறை பார்த்தார், கோபுரத்தை இரண்டுமுறை பார்த்தார். இறங்கி ஓட்டலுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வரிசை வாசலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரனா வந்து இலை போட மாட்டாங்களா?"

"இங்க தட்டுதாங்க. நாமதான் போயி வாங்கிக்கணும்" என்றாள் என் அம்மா.

"நின்னு வாங்கறதுக்கு இது இன்னா ரேஷன் கடையா?"

என் யோசனையின் முகத்தில் அறை விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. "நீ ஒக்காரும்மா, நான் எடுத்தாறேன்" என்று பையன் எழுந்து வரிசையில் போய் நின்றார். அடுத்த நிமிஷம் அக்காவும் எழுந்தாள். அம்மா முந்தானையை இழுத்தும் நிற்காமல், தானே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

அதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் நைனாவைக் கவனிக்கத் தவறிவிட்டோம். திரும்பினால் நாற்காலி காலி.

"சார்! சார், வையுங்க சார்! அது அங்கயேதான் சார் இருக்கணும்!" மேனேஜரின் அலறல்.

நைனா இடுப்பில் துண்டு. அதன் இரண்டு முனைகளாலும் சாம்பார்ப் பாத்திரத்தின் இரண்டு காதுகளையும் பிடித்து, நீலத் தீயின் மேலிருந்து அதை அப்படியே தூக்கிவிட்டிருந்தார்.

"ஏம்பா, வயசானவங்க பசியோட ஒக்காந்துகினு இருக்காங்க. சத்தம் போடாம நீ அந்தச் சோத்த எடு. கரண்டி எங்க?"

தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அது. டை கட்டிய அந்த மேனேஜர் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். இதை நான் கற்பனையில் சேர்த்ததாக நீங்கள் நினைக்கலாம். வேண்டுமானால் டையை எடுத்துவிடுங்கள். சோறு உண்மை.

அந்த அம்மாவின் முன்னால் யாரோ கொண்டுவந்து வைத்த தட்டில் சோறு விழுந்தது. "சாலு, சாலு" என்று தெலுங்கில் போதும் சொல்லிக் கையை விரித்தார். விரல் இடுக்கு வழியாகச் சாம்பார் இறங்கியது. பக்கத்து மேஜையிலிருந்து "அய்யா, இங்க சாம்பாரு!" என்றார்கள். "இதோ வரேன்" என்று நைனா போனார். அங்கிருந்து இன்னொரு மேஜை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிலர், அட, பந்தி நடக்கிறதே என்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், உங்க நைனா இன்னா பண்ணி வெச்சிட்டாரு பாரு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பாத்திரத்தில் இருந்தவரைக்கும் அது ஓட்டல் சாம்பார். நைனாவின் கரண்டிக்கு வந்ததும் அது எங்கள் வீட்டுச் சாம்பார் ஆகிவிட்டது. யார் வீட்டுச் சாப்பாடும் இல்லை என்று நான் கண்டுபிடித்த அந்த ஓரடி இடத்தைத் தன் வீடாக்கிவிட்டு, மனுஷன் அடுத்த மேஜையில் அப்பளம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது. கை தட்டுக்குமேல் அப்படியே நின்றது. தொட்டால் சம்மதம். தட்டைத் தள்ளினால் நாங்கள் வீட்டுக்குப் போய் அக்கா முகத்தைப் பார்க்க முடியாது. நான் அந்தக் கையைப் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். அந்த அம்மா மட்டும் வரிசையைப் பார்த்தார்.

வரிசை முன்னால் நகர்ந்து போய்விட்டிருந்தது. பையனும் அக்காவும் மட்டும் நகரவில்லை. ஒரு பாத்திரத்தின் முன்னால் தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டே நின்றார்கள். முன்னால் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. "ஏம்மா, நவுருங்களேன்!" என்று பின்னால் கத்துகிறார்கள். இரண்டு பேருக்கும் காதில் ஏறவில்லை.

அந்த அம்மா சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். "உப்பு தூக்கலு" என்றார். இன்னொரு வாய் வைத்தார். பிறகு தலையைத் திருப்பாமலேயே, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"அண்ணா, ரசம் போடு."

காலையிலிருந்து அவர் நைனாவை எந்த உறவு சொல்லியும் அழைக்கவில்லை. 'ஏங்க', 'இங்க பாருங்க', அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அம்மாவுக்கு அண்ணன் என்றால் பிள்ளைக்குத் தாய்மாமன். தாய்மாமன் மகள் என்றால் பிள்ளைக்குக் கட்டிக்கொள்கிற முறை. அதற்குமேல் சொல்லி அனுப்ப என்ன இருக்கிறது?

"வரேம்மா, வரேன்" என்று பழக்கத்தில் குரல் கொடுத்து, ரசத்தை மொண்டுகொண்டு வந்த நைனா, பாதி வழியில் நின்றுவிட்டார். கரண்டியிலிருந்து ரசம் மேனேஜரின் ஷூமேல் சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் காலை நகர்த்தவில்லை. நல்ல மனுஷன்.

அக்காவிடம் பிறகு கேட்டேன், அப்படி என்னதான் பேசினீர்கள் என்று.

"பனீர்னா இன்னாங்கன்னு கேட்டாரு. எனக்கும் தெரியாதுன்னேன். 'அப்ப வேணா, ரெண்டு பேரும் தெரிஞ்சதாப் பாத்து எடுத்துக்கலாம்'னாரு. தெரியாதுன்னு நான் சொன்னதுக்குச் சிரிக்காத மொத ஆளுடா அவரு."

கல்யாணப் பத்திரிகை எங்கள் கடையில்தான் அடித்தோம். பிழையே இல்லாமல் வந்த ஒரே பத்திரிகை. காரணம், நைனா மூன்று பேரை வைத்துச் சரிபார்த்தார். என்னை நம்பவில்லை.

அந்த ஓட்டல் அதிகக் காலம் தாங்கவில்லை. முதலாளி வெளியூர்க்காரர். ஆடிக் கிருத்திகையன்றும் பலகையைக் கழற்றாமல் விட்டுவிட்டார். விரதம் இருந்து, காவடி எடுத்து, மலையிறங்கி வந்த மஞ்சள் துணிக் கூட்டத்துக்கு எதிரே 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்று எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? அன்று வெள்ளரிக்காய்கூட மிஞ்சவில்லை என்றார்கள். மூடியதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இப்போது அங்கே ஸ்கூட்டர் விற்கிறார்கள்.

நேற்று பாவா, அதாவது அக்காவைக் கட்டிக்கொண்ட அந்தப் பையன், தட்டு நிறைய பனீர் எடுத்து வந்தார். "இப்பத் தெரியுமா இன்னான்னு?" என்று அக்கா கேட்டாள். "இன்னும் முழுசாத் தெரில" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருடைய அம்மா இப்போது இல்லை. நைனாவும் இல்லை. சீருடை போட்ட ஆட்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். காலித் தட்டை எடுப்பது மட்டுமே அவர்கள் வேலை. நீலத் தீயின் மேல் பாத்திரங்கள் யாரும் தூக்காமல் அதனதன் இடத்தில் இருந்தன. ரசம் வைக்கவில்லை; சூப்தான்.

"கை நனைக்கிறதுன்னா இன்னா மாமா?" இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அக்கா மகள் கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தவன், மேஜையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லார் கையிலும் கரண்டியும் முள்கரண்டியும். என் கையிலும்தான்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் எழுந்து குழாயைத் தேடிப் போனேன். கையை நீட்டினால் தண்ணீர் தானாகவே கொட்டியது. கழுவுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.